முதிர்ந்த செல் மறுபடியும் இளமைக்குத் திரும்புமோ?



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரரும் அவருடைய மனைவியும் என்னைக் காணக் காத்திருந்தார்கள். பிழைப்புக்காகத் தென்மாவட்டத்தை விட்டு மும்பைக்கு வந்து இருபது வருஷம் ஆன குடும்பம். அவர்களுடைய மகனுக்கு வயது ஒன்பது. தசைகள் நாளுக்கு நாள் வலுவிழந்துபோகிற ஒரு வியாதி அவனைப் பிடித்திருக்கிறது. ஓடித் திரிந்த பிள்ளை இப்பொழுது சுவரைப் பிடித்து நடக்கிறான். அந்தச் சகோதரி தன் கைப்பையிலிருந்து ஒரு வண்ணத் துண்டுப்பிரசுரத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஸ்டெம் செல் சிகிச்சை" என்று பெரிய எழுத்துக்களில் அச்சிட்டிருந்தது. ஜப்பானிய விஞ்ஞானிக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த கண்டுபிடிப்பு என்றும், உங்கள் உடலின் செல்லே உங்களுக்கு மருந்து என்றும் கீழே எழுதியிருந்தது. மூன்று தவணையாக ஊசி போடவேண்டும். அதற்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். ஊரிலுள்ள வீட்டுமனையையும், மனைவியின் நகைகளையும் விற்றுவிடத் தீர்மானித்திருந்தார்கள்.

"பாஸ்டர், இது ஆண்டவர் திறந்த வாசல்தானா என்று நீங்கள் ஜெபித்துச் சொல்லவேண்டும்" என்றார் அந்தச் சகோதரர்.

பிரியமானவர்களே, நான் உடனே ஜெபிக்கவில்லை. அதற்குக் காரணம் என் பழைய தவறு ஒன்று. பல வருஷங்களுக்கு முன் வேறொரு குடும்பம் இதே விதமான ஒரு பிரசுரத்தோடு என்னிடம் வந்தது. அன்று நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எண்ணெய் பூசி ஜெபித்தேன். சபையிலே விசேஷ காணிக்கை எடுத்தேன். இது ஆண்டவருடைய வழி என்று மேடையில் நின்றே சொன்னேன். அந்த வாலிபன் எழுந்து நடக்கவில்லை. கடன்தான் எழுந்து நின்றது. பல வருஷம் அந்தத் தகப்பனார் வட்டி கட்டினார். ஒருநாளும் அவர் என்னைக் குறைசொல்லவில்லை. அதுவே எனக்குப் பாரமாயிருக்கிறது. ஆகையால் இந்த முறை, "எனக்குச் சில நாட்கள் தாருங்கள், ஜெபிக்கிறேன், படிக்கவும் செய்கிறேன்" என்று சொல்லி அவர்களை அனுப்பினேன். படித்தும், நமது விசுவாசிகளில் மருத்துவராய் இருப்பவர்களிடம் கேட்டும் நான் அறிந்துகொண்டதை இம்மாதம் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கும் நாளை ஒரு துண்டுப்பிரசுரம் வரலாம்.

முதலாவது, அந்த ஜப்பானிய கண்டுபிடிப்பு உண்மையா? உண்மைதான். அதை நாம் சரியாய்ப் புரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஒவ்வொருவருடைய சரீரமும் ஒரே ஒரு செல்லிலிருந்து தொடங்கினது. அது பெருகி, சில செல்கள் தோலாயின, சில நரம்பாயின, சில இருதயத் தசையாயின. இப்படி ஒரு வேலைக்கென்று முதிர்ந்துவிட்ட செல் பின்பு வேறொன்றாய் மாறுகிறதில்லை. தோல் தோலாகவே இருக்கும். எந்த வேலைக்கும் போகாமல், எதுவாகவும் ஆகக்கூடிய நிலையில் இருக்கிற தொடக்க நிலைச் செல்லும் உண்டு. தன் இனத்தைப் பெருக்கிக்கொண்டு, வேறு வகைச் செல்களையும் பிறப்பிக்கிற இப்படிப்பட்ட செல்லைத்தான் ஸ்டெம் செல் என்கிறார்கள்.

ஒரு பாட்டுப் புத்தகத்தை எண்ணிப்பாருங்கள். எல்லாச் சபையிலும் அதே புத்தகம்தான் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு சபையும் தனக்குப் பழக்கமான சில பாடல்களையே பாடுகிறது. மற்றப் பக்கங்கள் திறக்கப்படுவதேயில்லை. நமது செல்களும் அப்படியே. மரபணுக்கள் என்னும் முழுப் புத்தகம் ஏறக்குறைய எல்லாச் செல்லுக்குள்ளும் இருக்கிறது. தோல் செல் தனக்குரிய பக்கங்களை மாத்திரம் வாசிக்கிறது. அப்படியானால், வாசிக்கப்படாத பக்கங்கள் கிழித்து எறியப்பட்டனவா, அல்லது மூடிமாத்திரம் வைக்கப்பட்டிருக்கின்றனவா? இதுவே விஞ்ஞானிகளை நெடுங்காலம் குழப்பிய கேள்வி.

இங்கிலாந்திலே ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் கர்டன் என்ற இளைஞர் இதற்கு விடை கண்டார். பள்ளிக்கூடத்தில் உயிரியல் பாடத்தில் கடைசி நிலையில் இருந்தவர் இவர். விஞ்ஞானியாக வேண்டும் என்ற இவருடைய எண்ணம் நகைப்புக்குரியது என்று 1949ஆம் ஆண்டு ஆசிரியர் அறிக்கையில் எழுதிவிட்டார். அந்த அறிக்கையைச் சட்டம் போட்டுப் பிற்காலத்தில் தம் அறையிலே வைத்திருந்தார் கர்டன். நம்முடைய பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக் கலங்குகிற பெற்றோர் இதை நினைவில் வைப்பது நல்லது. அவர் தவளையின் முட்டையிலிருந்து உட்கருவை நீக்கிவிட்டு, தலைப்பிரட்டையின் குடலிலுள்ள முதிர்ந்த செல்லின் உட்கருவை அதில் வைத்தார். அவற்றில் சில முட்டைகள் உயிருள்ள தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன. இந்த ஆராய்ச்சி 1962ஆம் ஆண்டு வெளிவந்தது. பக்கங்கள் கிழிக்கப்படவில்லை, மூடிமாத்திரம் இருக்கின்றன என்பது அதினால் விளங்கிற்று.

அதே 1962ஆம் ஆண்டு ஜப்பானிலே ஒசாகா மாகாணத்தில் ஷின்யா யமனாகா பிறந்தார். இவருடைய தகப்பனார் தையல் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலை நடத்தியவர். யமனாகா முதலில் எலும்பு அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றார். அறுவைசிகிச்சையில் கை வேகமில்லாததால், இடைஞ்சல் என்று பொருள்படும் சொல்லை அவர் பெயரோடு சேர்த்துக் கூட இருந்தவர்கள் பரிகாசம் பண்ணினார்களாம். அவருடைய தகப்பனாரோ இரத்தம் ஏற்றியதனால் வந்த கல்லீரல் வியாதியால் இறந்தார். மருத்துவனாயிருந்தும் மகனால் ஒன்றும் செய்யமுடியவில்லை. அந்த வியாதிக்குக் காரணமான ஹெபடைடிஸ் சி வைரஸ் 1989ஆம் ஆண்டில்தான் அடையாளம் காணப்பட்டது. அதை முற்றிலும் போக்கும் நல்ல மாத்திரைகள் வருவதற்கு அதன்பின் ஏறத்தாழ 25 வருஷம் சென்றது. காரணத்தைக் கண்டுபிடிப்பது ஒரு காரியம், மருந்து கையில் வருவது வேறொரு காரியம் என்பதை அந்த மகன் தன் சொந்த வீட்டிலேயே கற்றுக்கொண்டார்.

அவர் அறுவைசிகிச்சையை விட்டு ஆராய்ச்சிக்கு வந்தார். முட்டை இல்லாமலே, தோல் செல்லுக்குள் மூடியிருக்கும் பக்கங்களைத் திறக்க முடியுமா என்பதே அவருடைய கேள்வி. தொடக்க நிலைச் செல்களில் முக்கியமாய் வேலைசெய்கிற 24 மரபணுக்களை அவரும் அவருடைய குழுவினரும் தெரிந்தெடுத்தார்கள். கசுதோஷி தகஹாஷி என்னும் உதவி ஆராய்ச்சியாளர் அந்த 24ஐயும் எலியின் தோல் செல்லுக்குள் ஒன்றாய்ச் செலுத்தினார். சில செல்கள் ஸ்டெம் செல்லைப்போல் மாறின. குழம்பில் எந்தச் சரக்கு குறைந்தால் சுவை கெடுகிறது என்று பார்ப்பதுபோல, பின்பு ஒவ்வொன்றாய் நீக்கிப் பார்த்தார்கள். கடைசியில் நான்கே போதும் என்று கண்டார்கள். இது 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியாயிற்று. மனிதனுடைய செல்லிலும் அப்படியே செய்யலாம் என்பதை 2007ஆம் ஆண்டு நவம்பரில் யமனாகாவின் குழுவும், அமெரிக்காவில் விஸ்கான்சினைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்சனின் குழுவும் ஒரே நாளில் அறிவித்தன. கர்டனுக்கும் யமனாகாவுக்கும் 2012ஆம் ஆண்டு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கர்டன் 2025 அக்டோபரில் தமது 92ஆம் வயதில் காலமானார்.

முதிர்ந்த ஒன்று மறுபடியும் தன் தொடக்கத்துக்குத் திரும்புகிறது என்றவுடன், இரவிலே ஆண்டவரிடத்தில் வந்த நிக்கொதேமுவை நமக்கு நினைவு வரும். இதை வைத்து ஒரு பிரசங்கம் பண்ணுவது எனக்கு எளிது. ஆனாலும் நான் அதைச் செய்யப்போவதில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு செல் மாறுவது வேறு, மனுஷன் ஆவியினால் மறுபடியும் பிறப்பது வேறு. இவ்விரண்டையும் கலந்து பேசும்போதுதான், மருத்துவமனைப் பிரசுரத்தையும் ஜனங்கள் தேவ வசனத்தைப்போல் வாசிக்கத் தொடங்குகிறார்கள்.

ஒரு காரியத்தில் மாத்திரம் இந்தக் கண்டுபிடிப்பு நமது மனச்சாட்சியைத் தொடுகிறது. ஜேம்ஸ் தாம்சன் 1998ஆம் ஆண்டு மனிதக் கரு ஸ்டெம் செல்லை முதன்முதல் பிரித்தெடுத்தது, கருத்தரித்துச் சில நாட்களே ஆன மனிதக் கருவிலிருந்து. அந்தக் கரு அதினால் அழிந்துபோகும். ஆகையால் கிறிஸ்தவர்கள் அநேகர் இதை ஏற்கக்கூடாமல் தவித்தார்கள். யமனாகாவும் ஒருமுறை நண்பர் ஒருவருடைய கருத்தரிப்பு மருத்துவமனையில் அப்படிப்பட்ட கருவை நுண்ணோக்கியில் பார்த்ததைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதற்கும் தம் பெண்பிள்ளைகளுக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம் மிகச் சிறியது என்று அப்பொழுது அவருக்குத் தோன்றினதாம். வேறு வழி இருக்கவேண்டும் என்று அவர் தேடினதற்கு அதுவும் ஒரு காரணம். தோலிலிருந்து எடுத்த செல்லே போதும் என்று ஆனபோது, கருவை அழிக்கவேண்டிய அவசியம் பெரிதும் குறைந்தது. இதற்காக நாம் தேவனுக்கு நன்றி செலுத்தலாம்.

இரண்டாவது கேள்வி: கண்டுபிடிப்பு உண்மையானால், அது நம் பிள்ளைக்கு இன்றைக்கே மருந்தாகுமா?

இங்கேதான் நாம் நிதானிக்கவேண்டும். எல்லையில்லாமல் பெருகுகிற வல்லமை ஸ்டெம் செல்லுக்கு உண்டு. எல்லையில்லாமல் பெருகுவது புற்றுநோயின் குணமுமாகும். யமனாகா பயன்படுத்திய நான்கு மரபணுக்களில் ஒன்று புற்றுநோயோடு தொடர்புடையது. அந்தச் செல்களிலிருந்து உருவான எலிகளின் சந்ததியில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குக் கட்டி உண்டாயிற்று என்பதை 2007ஆம் ஆண்டு அவருடைய குழுவே வெளியிட்டது. தங்கள் கண்டுபிடிப்பின் குறையைத் தாங்களே உலகத்துக்குச் சொன்னார்கள். பிற்பாடு அந்த மரபணுவை நீக்கியும், வேறு வழிகளைக் கையாண்டும் ஆபத்தைக் குறைக்கப் பிரயாசப்பட்டார்கள். இன்றும் அப்படிப்பட்ட செல்லை அப்படியே மனுஷனுக்குள் செலுத்துவதில்லை. முதலில் ஆய்வுக்கூடத்தில் அதைக் கண் செல்லாகவோ, நரம்புச் செல்லாகவோ முதிரச் செய்யவேண்டும். மாறாத செல் எதுவும் அதில் தங்கிவிடவில்லை என்று சோதிக்கவேண்டும். இதற்குப் பல மாதங்கள் ஆகும்.

முதன்முதல் இது மனிதரில் பயன்பட்டது ஜப்பானின் கோபே நகரத்தில், 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி. மருத்துவர் மசாயோ தகஹாஷி இந்த ஆராய்ச்சியை நடத்தினார். வயதினால் வரும் விழித்திரை நோயினால் பார்வை குன்றிய, எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணிக்கு, அவருடைய தோலிலிருந்தே உண்டாக்கிய விழித்திரைச் செல்களின் சிறு தகடு ஒன்றைப் பொருத்தினார்கள். அதின் நீளம் மூன்று மில்லிமீட்டர் மாத்திரம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது கட்டி வரவில்லை. பார்வை மோசமாகவுமில்லை, தேறவுமில்லை. இரண்டாவது நோயாளிக்கும் செல்கள் ஆயத்தமாயின. ஆனால் அவற்றின் மரபணுக்களில் சில மாற்றங்கள் தென்பட்டபடியால், 2015ஆம் ஆண்டு அதை நிறுத்திவிட்டார்கள். நோயாளி காத்திருக்கிறார், உலகமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது, இருந்தும் நிறுத்தினார்கள். பிரியமானவர்களே, உண்மையான மருத்துவத்தை அறிய விரும்பினால், நிறுத்தவேண்டிய இடத்தில் அது நிற்கிறதா என்று பாருங்கள்.

அந்தக் கோபே ஆராய்ச்சியின் முடிவு, அமெரிக்காவின் புகழ்பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்தது. அதே இதழிலேயே இன்னொரு கட்டுரையும் இருந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குச் சென்ற மூன்று பெண்மணிகளைப் பற்றியது அது. அவர்களுடைய வயது 72 முதல் 88 வரை. அவர்களுக்கும் விழித்திரை நோய்தான். அவர்களுடைய கொழுப்பை எடுத்து, அதில் ஸ்டெம் செல் இருக்கிறது என்று சொல்லி, இரண்டு கண்களிலும் ஒரே நாளில் ஊசி போட்டார்கள். ஆராய்ச்சி என்று எண்ணிச் சென்ற அவர்களிடத்தில் 5,000 டாலர் கட்டணம் வாங்கினார்கள். மூவருடைய கண்களும் பெரிதும் கெட்டுப்போயின. கொஞ்சம் பார்வையோடு போனவர்கள் குருடாகவோ, ஏறக்குறைய அந்நிலையிலோ ஆனார்கள். பெயர் இரண்டிடத்திலும் ஸ்டெம் செல்தான். ஒருவர் ஒரு கண்ணுக்கு ஒரு சிறு தகடு வைக்கப் பல வருஷம் சோதித்தார். மற்றவர்கள் ஒரே நாளில் இரு கண்ணுக்கும் ஊசி போட்டார்கள்.

குறுக்குவழியின் ஆபத்து பெரிய விஞ்ஞானிகளையும் விட்டதில்லை. அதே 2014ஆம் ஆண்டு ஜனவரியில், கோபேயில் இருந்த அதே ரிக்கென் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. முதிர்ந்த செல்லை அரைமணி நேரம் மெல்லிய அமிலத்தில் வைத்தாலே அது ஸ்டெம் செல்லாகிவிடும் என்று ஓர் இளம் ஆராய்ச்சியாளர் அறிவித்தார். நேச்சர் என்னும் இதழ் அதை வெளியிட்டது. உலகம் வியந்தது. மற்ற ஆய்வுக்கூடங்கள் செய்துபார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. படங்களிலும் விவரங்களிலும் புரட்டு இருந்தது வெளிப்பட்டது. ஜூலை மாதம் அந்தக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் பங்குபெற்றிருந்த மூத்த விஞ்ஞானி ஒருவர் ஆகஸ்டில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மிகவும் துக்கமான சம்பவம். ஆனாலும் அந்தப் பொய் ஆறு மாதத்துக்குள் விழுந்ததற்குக் காரணம், மற்றவர்கள் செய்துபார்க்கும்படி அது வெளியரங்கமாய் வைக்கப்பட்டதே. நம் ஊர்த் துண்டுப்பிரசுரத்தை யார் சோதித்துப் பார்ப்பது?

நல்ல செய்தியும் உண்டு. நடுக்குவாதம் என்கிற பார்க்கின்சன் நோய்க்கு, கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் 2018ஆம் ஆண்டு ஒரு பரிசோதனை தொடங்கியது. இம்முறையில் உண்டாக்கிய நரம்புச் செல்களை ஏழு நோயாளிகளின் மூளையில் வைத்து, இரண்டு வருஷம் கவனித்தார்கள். 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் முடிவு வெளிவந்தது. கடுமையான தீங்கு ஒன்றும் நேரிடவில்லை, கட்டி உண்டாகவில்லை. பலனை அளந்துபார்த்த ஆறு பேரில் நான்கு பேருக்கு, மருந்தின் வேகம் தணிந்திருக்கும் நேரத்திலும் அசைவு தேறியிருந்தது. 2006ஆம் ஆண்டில் எலியில் தொடங்கி, ஏழு பேருடைய முடிவைச் சொல்வதற்கு 19 வருஷம் சென்றது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒருவரையும் கெடுக்காமல் நடந்தால் இவ்வளவு காலம் ஆகும்.

மூன்றாவது கேள்வி: அப்படியானால் நம் நகரங்களில் விற்கப்படுகிறது என்ன?

பெரும்பாலும் இடுப்பெலும்பின் மஜ்ஜையையோ, வயிற்றுக் கொழுப்பையோ எடுத்து, செல்களைப் பிரித்து, மறுபடியும் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். முதிர்ந்த செல்லைத் திருப்பி இளமையாக்கும் யமனாகாவின் முறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நோபல் பரிசின் பெயரை மாத்திரம் கடன் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லவேண்டும். இரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லைக் கொண்டு செய்யப்படும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நிரூபிக்கப்பட்ட மருத்துவம். இரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் அது பலன் தருகிறது. இந்தியாவில் முதன்முதல் அது மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 1983ஆம் ஆண்டு நடந்தது. நமது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986ஆம் ஆண்டு தொடங்கினார்கள். உங்கள் மருத்துவர் அப்படிப்பட்ட சிகிச்சையைச் சொன்னால், இந்தக் கட்டுரையைக் காட்டி மறுத்துவிடாதிருங்கள்.

மற்ற வியாதிகளின் நிலை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட தேசிய நெறிமுறைகள், இரத்த சம்பந்தமான சிகிச்சை தவிர மற்றவற்றில் ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற பரிசோதனைக்குள் மாத்திரமே பயன்படுத்தலாம் என்றன. அப்படிப்பட்ட பரிசோதனையில் சேருகிற நோயாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்றும் அவை சொல்லுகின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரில் தெரிவித்தது.

ஆகையால் அந்தச் சகோதரரிடமும் சகோதரியிடமும் நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். நீங்களும் இவற்றைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இது நிரூபிக்கப்பட்ட சிகிச்சையா, பரிசோதனையா? பரிசோதனையானால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அதின் எண் என்ன? அந்தப் பதிவேட்டை யாரும் இலவசமாய்ப் பார்க்கலாம். 2009ஆம் ஆண்டு முதல் அதில் பதிவது கட்டாயமாயிருக்கிறது.

இரண்டாவது, பரிசோதனையானால் எங்களிடம் பணம் கேட்பது ஏன்?

மூன்றாவது, எந்தச் செல்லை எடுக்கிறீர்கள், அதை என்ன செய்கிறீர்கள், எங்கே செலுத்துகிறீர்கள்? இதை எங்கள் தாய்மொழியிலாவது, நாங்கள் அறிந்த மொழியிலாவது எழுதித் தருவீர்களா?

நான்காவது, இதே வியாதியுள்ள எத்தனை பிள்ளைகளுக்குச் செய்தீர்கள், ஐந்து வருஷம் கழித்து அவர்கள் எப்படியிருக்கிறார்கள்? தேறாதவர்களையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அவர்கள் இருவரும் அந்த நிலையத்துக்குச் சென்று கேட்டார்கள். முதல் கேள்விக்குப் பதில் வரவில்லை. இரண்டாவது கேள்விக்கு, இந்த மாதத்துக்குள் பணம் கட்டினால் சலுகை உண்டு என்றார்களாம். "கேள்வி கேட்டால் பதில் வரும் என்று நினைத்தேன் பாஸ்டர்; தள்ளுபடி வருகிறது" என்று அந்தச் சகோதரி சொன்னபோது, அழுகையோடே சற்றுச் சிரித்துவிட்டார்.

அதற்குப்பின் அவர் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் எளிதில் பதிலில்லை. "அப்படியென்றால் என் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொல்லுகிறீர்களா? நாளைக்கு அவன் என்னைப் பார்த்து, அம்மா, நகையை விற்க உனக்கு மனதில்லையா என்று கேட்டால் நான் என்ன சொல்லுவேன்?"

தாயின் இந்தக் கேள்வியின் மேல்தான் அந்த வியாபாரம் நிற்கிறது, பிரியமானவர்களே. ஜப்பானிய விஞ்ஞானம் அதற்கு மேலே ஒட்டிய வண்ணத்தாள். பன்னிரண்டு வருஷம் வைத்தியர்களிடத்தில் அலைந்து தன் ஆஸ்தியை எல்லாம் செலவழித்த ஸ்திரீயைக் குறித்து நாம் எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அவள் சுகமானதைப் பேசுகிறோம். செலவழித்ததையும் அதினால் குணமாகாமல் போனதையும் சுவிசேஷகன் கவனித்து எழுதியிருப்பதைச் சற்றும் பேசுவதில்லை. ஆண்டவர் அவளிடத்தில் கட்டணம் கேட்கவில்லை.

நான் அந்தத் தாயிடம் சொன்னது இதுதான். தேவன் சுகமாக்க வல்லவர் என்று நான் விசுவாசிக்கிறேன். அவனுக்காக ஜெபிப்பதை நிறுத்தமாட்டேன். பணம் வாங்குகிறவருடைய வாக்கைத் தேவனுடைய வாக்குத்தத்தமாக எண்ணிக்கொள்வது விசுவாசமல்ல. பதில் சொல்லாதவனுக்குக் கொடுக்க மறுப்பது பிள்ளையைக் கைவிடுவதுமல்ல. அந்த நகையும் மனையும் அவனுக்கு இனி வரும் வருஷங்களில் தேவைப்படும்.

பின்பு அவர்கள் தங்கள் கோப்பை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குச் சென்றார்கள். அங்கே இருந்த மருத்துவர் அற்புதம் ஒன்றும் வாக்களிக்கவில்லை. நோயின் வேகத்தைத் தணிக்க ஸ்டீராய்டு மாத்திரை, தசைகள் இறுகிப்போகாதபடி தினந்தோறும் பயிற்சி, இருதயத்தையும் சுவாசத்தையும் காலத்துக்குக் காலம் சோதித்தல் ஆகியவற்றைச் சொன்னார். உண்மையான பரிசோதனை ஏதாவது வந்தால் அதில் சேருவதற்கு, மரபணுச் சோதனை முடிவைப் பத்திரமாய் வைத்திருக்கும்படியும் சொன்னார். சொல்லவேண்டியதைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்றாராம். அன்று இரவு பல மாதங்களுக்குப்பின் தாம் தூங்கினதாக அந்தச் சகோதரர் என்னிடம் சொன்னார்.

பிள்ளை சுகமாகவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. நமது பத்திரிகையில் சாட்சிகள் வழக்கமாய்ச் சுகத்தோடே முடியும். இது அப்படி முடியவில்லை. ஆனால் மனை விற்கப்படவில்லை. எங்கள் சபை கூடுகிற இடம் இரண்டாவது மாடி, மின்தூக்கி இல்லை. வாலிபர்கள் நான்கு பேர் முறை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் அவனைத் தூக்கி வருகிறார்கள். முன்பு நான் சிகிச்சைக்கென்று எடுத்த விசேஷ காணிக்கையைப்போல் இந்த முறையும் ஒன்று எடுத்தோம். அதில் ஒரு நல்ல சக்கர நாற்காலி வாங்கினோம். பயிற்சி கொடுக்க வருகிறவருக்கும் அதிலிருந்து மாதந்தோறும் கொடுக்கிறோம். காணிக்கை எடுக்கும் முன் இந்த முறை கணக்கு வாசித்தேன். முன்பு நான் செய்த தவறையும் அந்தத் தகப்பனார் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே சபைக்குச் சொன்னேன். அவர் எழுந்து வந்து முதலாவதாகக் காணிக்கை போட்டார்.

அன்பானவர்களே, நம்மில் பலர் ஊரை விட்டுத் தூரமாய் வந்தவர்கள். யோசனை சொல்லப் பெரியப்பா இல்லை, சித்தி இல்லை, தெரிந்த வைத்தியர் இல்லை. வியாதி வந்தால் விளம்பரமே நமக்கு உறவாகிவிடுகிறது. ஆகையால் பெரிய தொகையை எந்தச் சிகிச்சைக்கும் கட்டும் முன், உங்கள் சபையிலுள்ள ஒரு செவிலியரிடமாவது, அந்தச் சிகிச்சையால் லாபமடையாத ஒரு மருத்துவரிடமாவது கேளுங்கள். போதகர்களே, உங்களிடம் பிரசுரத்தோடு வருகிறவர்களுக்காக ஜெபியுங்கள்; ஜெபிக்கும் முன் அந்தப் பிரசுரத்தை முழுவதும் வாசியுங்கள்.

முதிர்ந்த செல் தன் இளமைக்குத் திரும்பும் என்பது உண்மை. ஒருநாள் அதிலிருந்து இந்தப் பிள்ளையைப் போன்றவர்களுக்கும் மருந்து வரலாம். வரவேண்டும் என்பதே என் ஜெபம். அது வரும்போது பதிவெண்ணோடு வரும், கேள்விக்குப் பதிலோடு வரும். அதுவரைக்கும் அந்த இரண்டு மாடிப் படியையும் நாம் அவனைச் சுமந்து ஏறுவோம்.

கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த மாதம் சந்திப்போம்.